வெள்ளிக்கிழமைக் கோளாறு

சித்தூர்
3 ஜூன் 2024

தாட்சாயணி அவர்களுக்கு,

இந்தப் பெட்டியில் இருப்பது எங்கள் மாங்கூழ் ஆலையின் லைனை ஓட்டும் கம்ப்யூட்டரான பிஎல்சியிலிருந்து கழற்றிய சீரியல் கம்யூனிகேஷன் மாட்யூல். போன வருடம் இடி விழுந்து எரிந்தபோது உங்கள் கடையில்தான் சரி செய்து வாங்கினோம். கூழைக் காய்ச்சும் ஸ்டெரிலைசரில் உள்ள டெம்பரேச்சர் கண்ட்ரோலர்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் பிஎல்சியோடு பேசுகின்றன. பேச்சு சில நொடி அறுந்தாலும் போதும், சூடு எவ்வளவு என்று தெரியாமல் பிஎல்சி லைனையே நிறுத்திவிடும். குழாயில் இருக்கும் கூழ் அத்தனையும் வீண். சீசன் தொடங்கியதிலிருந்து இப்படிப் பல முறை ஆகிவிட்டது. மாட்யூலில் எரர் விளக்கு எரிகிறது, பிறகு தானாகவே அணைந்துவிடுகிறது.

கையிருப்பில் உள்ள இன்னொன்றை இப்போது மாட்டியிருக்கிறேன். அதுவும் நீங்கள் சரி செய்ததுதான். அதுவும் இதே கூத்துதான் செய்கிறது.

போனில் சொல்லியிருப்பேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்திருப்பதால் பஸ்ஸில் அனுப்பும் இந்தப் பெட்டிக்குள் காகிதம் வைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதுவதற்குக் காரணம், இங்கே ஸ்டோரில் பெட்டியைப் பிரிக்கிறவர்களுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். மேனேஜர் சடகோபன் சாரும் தமிழ் பேசுவாரே தவிர, படிக்கத் தெரியாது.

இந்த மாதம் 24ஆம் தேதி சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள். பழையதை எடுத்துவிட்டு அவர்களுடைய பிஎல்சியைப் போட்டால் பராமரிப்பும் அவர்கள் கைக்கே போய்விடும். அப்புறம் இங்கே இன்ஸ்ட்ருமெண்ட் இன்ஜினியர் என்று ஒரு நாற்காலி எதற்கு? என்னைக் கிருஷ்ணகிரி குடோனுக்கு மாற்றிவிடுவதாக சடகோபன் சார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இதையெல்லாம் உங்களிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெட்டி சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

இப்படிக்கு,
இ. ஸ்வர்ணலதா


திருப்பதி
5 ஜூன்

ஸ்வர்ணா,

‘அவர்களுக்கு’, ‘நீங்கள்’. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் மூன்று வருடம் என் சோப்பைத் தேய்த்துக் குளித்தவள் எழுதுகிற கடிதமா இது? போதாததற்கு மாட்யூல் என்றால் என்ன என்று எனக்கே பாடம் வேறு. நீ வேண்டுமானால் மரியாதை கொடு. நான் கொடுப்பதாக இல்லை.

உன் மாட்யூலுக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு போர்ட்டையும் என் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி நாள் பூராவும் ஓடவிட்டேன். உங்கள் ஆலையில் வெக்கை அதிகம் என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். ஒரு எரர் வரவில்லை. வழக்கம்போல் துடைத்து, மூடி மேல் சந்தனம் குங்குமம் வைத்து அனுப்புகிறேன். ஒயரிங்கைப் போய்ப் பார்.

போன சீசனிலும் இதையேதான் சொன்னேன். நீ என்ன செய்தாய்? மீட்டிங்கில் உட்கார்ந்து, ‘ரிப்பேர் சரியில்லையோ என்னவோ’ என்று சொல்லிவிட்டு வந்தாய். அது எனக்கு உன் வாயால் தெரியவில்லை, உங்கள் மேனேஜரின் மெயிலில் தெரிந்தது. எதிரில் ஒரு கஸ்டமர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, நான் அதைப் படித்தேன். என் வேலையைக் குறை சொன்னதற்குக்கூடக் கோபமில்லை. முதலில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே, அதற்குத்தான் கோபம். இன்னும் ஆறவில்லை.

கிருஷ்ணகிரி குடோனில் எலி அதிகம் என்று கேள்வி.

தாட்சாயணி


சித்தூர்
10 ஜூன்

தாட்சாயணி,

சரி, ‘நீ’ என்றே எழுதுகிறேன். எலியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி.

ஒயரிங்கைப் பார்த்துவிட்டேன். ஸ்டெரிலைசர் மேல் ஏறி, ஒயர் போகும் பைப்பைத் திறந்து, முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்தேன். எர்த் முறைப்படி ஒரு பக்கம்தான் கட்டியிருக்கிறது. கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் இருக்கிறது. எலி கடிக்கவில்லை. நீ அனுப்பிய மாட்யூலை வியாழக்கிழமை மாட்டினேன். அன்றைக்கு லைன் தேனாக ஓடியது. மறுநாள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது எரர் விளக்கு எரிந்தது. சனிக்கிழமை முழுக்க நின்று நின்று ஓடியது. இன்றைக்குத் திங்கள், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

வெளியே யார்டில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த நாராயணசாமி என்ற விவசாயி என்னைக் கேட்டருகே மறித்துக்கொண்டார். “இன்னா மேடம், நேத்துலருந்து நின்னுக்கினு கீறோம். காய் பழுத்து ஒழுவுது. உங்க மிஷினு துன்னலைன்னா சொல்லிடுங்க. பங்காருபாளையம் மண்டிக்கினா ஓட்டிக்கினு போறேன்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். பழம் பொறுக்கும் பெல்ட்டில் மேஸ்திரியாக இருக்கும் வள்ளியம்மாள் அக்காதான் டீ வாங்கிக் கொடுத்து, “அழுவாத மேடம், எல்லாம் சரியாப் பூடும்” என்று தேற்றினார்.

உன் கோபத்தைச் சொன்னாய். என்னுடையதையும் கேட்டுக்கொள். நாம் இருவரும் சேர்ந்து திறந்த கடையை விட்டு நான் வந்தபோது, உன் தம்பி கல்யாணத்தில், பந்தியில் வைத்து, ‘மாசச் சம்பளத்துக்கு ஓடிப்போனவள்’ என்று சொன்னாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், எல்லோரும்தான் சிரித்தார்கள். என் இலையில் போட்ட சாதம் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த சமயம் அது.

ஸ்வர்ணலதா


திருப்பதி
12 ஜூன்

ஸ்வர்ணா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை கோபத்துக்காக, ஒரு தடவை வேலைக்காக.

முதலில் வேலை. மாட்யூலை மாற்றினாய், கோளாறு மாறவில்லை. அப்படியானால் மாறாமல் இருப்பது எது? மாட்யூலின் முன்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை நிறக் கனெக்டர் ஒன்று செருகியிருக்குமே, திருகாணி வைத்து ஒயரை முடுக்குவோமே, அது. மாட்யூலைக் கழற்றி எனக்கு அனுப்பும்போதெல்லாம் அது ஒயரோடு உன்னிடமே நின்றுவிடுகிறது. அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அடுத்த தடவை லைன் நின்றதும் அதைக் கழற்றி அனுப்பு. துடைக்காதே, ஊதாதே, ஸ்ப்ரே அடிக்காதே. சோறு தின்ற கையோடு வருகிற குழந்தைபோல் அது அப்படியே எனக்கு வர வேண்டும். உன் வெள்ளிக்கிழமைக் கதையும் எனக்குப் பிடிபடவில்லை. மின்சாரத்துக்குக் கிழமை தெரியாது.

இனிக் கோபம். நான் சொன்னது சொன்னதுதான், இல்லை என்று மறைக்க மாட்டேன். ஆனால் உன் வீட்டுக்காரருக்கு வேலை போனது எனக்கு எப்படித் தெரியும்? கடையை விட்டுப் போகிறேன் என்றாய், காரணம் கேட்டதற்கு ‘சும்மாதான்’ என்றாய். சும்மா ஒருத்தி என்னை விட்டுப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? வாயைத் திறக்காமல் இருப்பது உனக்கு ஒரு வியாதியடி. கடையிலும் அப்படித்தான், மீட்டிங்கிலும் அப்படித்தான்.

இலையில் சாதம் அப்படியே இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

தாட்சாயணி


சித்தூர்
15 ஜூன்

தாட்சாயணி,

நேற்றும் வெள்ளிக்கிழமை, நேற்றும் நின்றது. நீ சொன்னபடி பச்சைக் கனெக்டரைக் கழற்றி பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறேன். துடைக்கவில்லை. எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை.

ஸ்டோரில் புதுக் கனெக்டர் ஒன்று கிடந்தது, அதைப் போட்டேன். லைன் உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று தெரியாமல் ஓடுவது, நிற்பதைவிட எனக்குப் பயமாக இருக்கிறது. 24ஆம் தேதி அந்தச் சென்னைக்காரர்கள் எதிரில், ‘என்ன கோளாறு?’ என்று சார் கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

நீ எழுதிய வியாதி உண்மைதான். வீட்டில்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஸ்வர்ணா


திருப்பதி
17 ஜூன்

அடியே ஸ்வர்ணா,

விசேஷமாக ஒன்றும் தெரியவில்லையா? உன் முகத்தில் இருப்பது கண்ணா, கோலிக்குண்டா?

கனெக்டரில் திருகாணிக்குத் திருகாணி சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறது. கொஞ்சமில்லை, அம்மனுக்குக் காப்புச் சாத்தியதுபோல் கெட்டியாக அப்பியிருக்கிறது. திருகாணிகளில் பச்சையாகக் களிம்பு வேறு ஏறிவிட்டது. அதைக் காய்ந்தபடியே என் பெஞ்சில் மாட்டினேன், ஒரு எரரும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். எரர் விளக்கு குப்பென்று எரிந்தது! குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, ஈரம் பட்டால் இந்த ஒயரில் போக வேண்டியதை அந்த ஒயருக்கு இழுத்துவிடுகிறது. காய்ந்தால் விட்டுவிடுகிறது. வெள்ளிக்கிழமை பூஜை, ஈரம், எரர். திங்கட்கிழமை காய்ந்துவிட்டது, லைன் ஓடுகிறது. மின்சாரத்துக்குக் கிழமை தெரியாது என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு.

நீ பார்த்தும் உனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. பிறந்ததிலிருந்து மோட்டாருக்கும் பேனலுக்கும் பொட்டு வைத்தே பார்த்த கண்கள் நம்முடையவை. பொட்டு இல்லாத பேனலைப் பார்த்தால்தான் நமக்கு உறுத்தும். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத் தாண்டித்தான் பார்த்திருப்பேன்.

ரிப்பேரும் சரி, ஒயரிங்கும் சரி. ஒரு வருடமாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் இருந்தோமே, எதற்கு? கடையில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகையாக வந்தது.

ஆனால் ஒன்று. நான் பொட்டு வைப்பது மாட்யூலின் வெளியே, மூடி மேல். இது மூடியைத் திறந்து உள்ளே, சரியாகத் திருகாணிக்கு நடுவில் வைத்தது. யாரடி அந்தப் புண்ணியவதி?

தாட்சு


சித்தூர்
19 ஜூன்

தாட்சு,

வள்ளியம்மாள் அக்கா.

வெள்ளிக்கிழமை பூஜையில் மாட்யூல் இருக்கும் பேனலுக்குச் சந்தனம் வைப்பவர் அவர்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்.

“நீதானே மேடம் காட்டின? இடி வுழுந்தப்ப, இந்தச் சின்னப் பெட்டிதான் என் உசுர வாங்குதுன்னு சொன்னியே. அது திருப்பதிலருந்து வரசொல்ல பொட்டு வெச்சிக்கினு வருது. வந்த புதுசுல நல்லா ஓடுது. கை பட்டுப் பட்டு பொட்டு அழிஞ்சி பூடுது, மிஷினு நின்னுடுது. சாமி பொட்டு அழியறதாலதான் நிக்குதுன்னு நெனச்சேன். அதான் கை படாத எடமாப் பாத்து, மூடியத் தொறந்து உள்ள வெச்சேன்.”

லைன் நிற்க நிற்க, இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தாராம். காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டு வைத்தாராம். எதற்காகத் தெரியுமா? “உன்ன கிருஷ்ணகிரிக்கி அனுப்பிட்டா எங்களுக்கு யாரு கீறாங்க மேடம்? நீ வந்த அப்பறம்தான் பொம்பளைங்களுக்கு கக்கூஸ் கட்னாங்க” என்றார். என் வேலை நிலைக்க வேண்டும் என்று வைத்த பொட்டுதான் என் வேலைக்கு உலை வைத்திருக்கிறது. எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னதும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நான் என்ன செய்யட்டும், சொல். திங்கட்கிழமை கோளாறு என்ன என்று சொல்லியாக வேண்டும். உள்ளதைச் சொன்னால் வள்ளியம்மாள் அக்கா காண்டிராக்ட் ஆள், அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்பார். ஒயரிங் என்றால் என் கையாலாகாத்தனம் ஆகிவிடும், நாற்காலி போய்விடும். ரிப்பேர் என்றால் உன் கடை. போன வருடம் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு உன்னை இழந்தேன். இந்த முறை முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

ஸ்வர்ணா


திருப்பதி
20 ஜூன்

ஸ்வர்ணா,

முதலில் கேட்டாயே, அது போதும் எனக்கு.

ரிப்பேர் கோளாறு என்று சொல்லிவிடு. என் பெயரையும் சேர்த்தே சொல். ஸ்ரீசிட்டியில் இரண்டு கம்பெனி, ஒரு பால் டெய்ரி என்று எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன, உங்கள் மாங்கூழை நம்பி என் அடுப்பு எரியவில்லை. பொட்டு வைத்து அனுப்புகிற பழக்கமும் என்னுடையதுதானே. அந்த அம்மாள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். உன்னைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவிட்டு, நல்ல பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? எனக்குச் சண்டை போடவாவது கிட்டத்தில் ஆள் வேண்டும். இந்தக் கடையில் நான் சொல்வதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், சகிக்கவில்லை.

இதோடு அக்ரிலிக்கில் வெட்டிய கவர் ஒன்று அனுப்பியிருக்கிறேன், சின்னத் திருகாணி வைத்தது. மாட்யூல் மேல் முடுக்கிவிட்டால் ஸ்குரூடிரைவர் இல்லாமல் யாரும் திறக்க முடியாது. பேனலுக்கு வெளியே, கதவின் மேல், எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் அப்பிக்கொள்ளட்டும் என்று சொல். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, பாவம்.

தாட்சு


சித்தூர்
25 ஜூன்

என் தாட்சு,

நீ சொன்னதை நான் செய்யவில்லை. திட்டுவதற்கு முன் முழுக்கப் படி.

வெள்ளிக்கிழமை உன் கவரைப் போட்டபிறகு பூஜை நடந்தது. வள்ளியம்மாள் அக்கா கதவின் மேல் ஒரே ஒரு பொட்டு, அதுவும் பயந்து பயந்து வைத்தார். லைன் நிற்கவில்லை. சனியும் ஞாயிறும் நிற்கவில்லை. யார்டு காலியாகி, டிராக்டர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போயின.

நேற்று மீட்டிங். சென்னைக்காரர்கள் மூன்று பேர், லேப்டாப்பும் கையுமாக. பழைய மாட்யூல், ரிப்பேர் செய்த மாட்யூல், இதை நம்பி எப்படி ஓட்டுகிறீர்கள் என்று ஆரம்பித்தார்கள். சார் என்னைப் பார்த்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே எழுந்து நின்றுவிட்டேன். ரிப்பேரில் குறை இல்லை, போன வருடம் நான் அப்படிச் சொன்னது தவறு, தாட்சாயணி என்கிற இன்ஜினியர்தான் கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று சொன்னேன். உன் முழுப் பெயரையும் கடைப் பெயரையும் சொன்னேன். கனெக்டரில் பூஜைக் குங்குமம் அப்பி ஈரமாகிவிட்டது, மூடியைப் பூட்டாமல் விட்டது என் பொறுப்பு, இப்போது பூட்டிவிட்டேன், லைன் பத்து நாளாக நிற்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

சார் கேட்டார்: “எவரு மேடம்? யார் வெச்சது?”

“பேரு சொல்ல மாட்டேன் சார். என் வேல நெலைக்கணும்னு வேண்டிக்கினு வெச்சது. அனுப்பறதா இருந்தா என்ன அனுப்புங்க” என்றேன்.

அவர் சென்னைக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். எழுந்து போய் ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “மேடம், ஒக்க டவுட், ஒண்ணே ஒண்ணு. தீர்த்தம் தெளிச்சாகூட அப்படி ஆவுமா?”

வெள்ளிக்கிழமை தோறும் காலையில், எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து, பேனலைத் திறந்து துளசி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகிறாராம்! லைன் நிற்க ஆரம்பித்ததிலிருந்து செம்போடு கொண்டுவந்திருக்கிறார். வள்ளியம்மாள் அக்கா வைத்த குங்குமம் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டது இவர்தான். எனக்குச் சிரிப்பை அடக்க வழி தெரியவில்லை. “ஆவும் சார்” என்றேன். “இங்கயே உட்டுடலாம் மேடம்” என்றார்.

சென்னைக்காரர்கள் டீயோடு போய்விட்டார்கள். பிஎல்சியை மாற்றும் பேச்சு இல்லை. நான் சித்தூரிலேயேதான் இருக்கிறேன், என் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வள்ளியம்மாள் அக்கா பெல்ட்டில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருப்பது கேட்கிறது.

இன்னொன்று. வருடம் முழுக்க லைனைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் உன் கடைக்கே தருவதாக சார் சொல்கிறார். மாதம் ஒரு தடவை நீயே நேரில் வர வேண்டும் என்கிறார். போன வருட மெயிலுக்குப் பிறகு இந்த ஆலை வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சத்தியம் செய்தது எனக்குத் தெரியும். அதனால் வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ரொம்ப.

ஸ்வர்ணா


சித்தூர்
28 ஜூன்

ஸ்வர்ணா,

ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், திரும்பப் பார்க்காதே.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். நேற்று முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு வருடம் பேசாமல் இருந்தால் வாய்க்குக்கூடத் துரு ஏறுகிறது. எழுதுவதென்றால் எப்படியோ வந்துவிடுகிறது.

அதனால் இதைப் பெட்டியில் போடவில்லை, பஸ்ஸிலும் ஏற்றவில்லை. உங்கள் ஆலை கேட்டில், செக்யூரிட்டி மேஜைமேல் வைத்து எழுதுகிறேன். அவர் பேனாதான். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்கிறார், யாரைப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்ஸ்ட்ருமெண்ட் இன்ஜினியரை என்றேன். உறவா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. திட்டுவதாக இருந்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் திட்டு. சீக்கிரம் வாடி.

தாட்சு